மடிந்த காது

போரில் செத்துப்போன ஒருவரின் முகத்தை நான் அழித்துவிட்டேன். அதை மறைக்க, அவருக்குப் பக்கத்தில் நின்றிருந்த வேறொருவரின் முகத்தைப் பெரிதாக்கி, இவர்தான் உங்கள் கணவர் என்று அவர் மனைவியிடம் கொடுத்தேன். இது அவரில்லை என்று அந்த அம்மாள் சொன்னபோது, உங்களுக்குத்தான் ஞாபகம் தப்பிவிட்டது என்று பேசி நம்பவைத்து அனுப்பினேன். முதலாவது கைத்தவறு. மற்ற இரண்டையும் தெரிந்தே செய்தேன்.

அப்போது நான் கல்லூரியில் கடைசி வருஷம், சரித்திரம் படித்துக்கொண்டிருந்தேன். திருத்தணியில் மலைக்குப் போகும் ரோட்டில் நைனாவின் போட்டோ ஸ்டுடியோ இருந்தது. எங்கள் வீட்டில் பாதிப் பேச்சு தெலுங்கு. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஆடிக் கிருத்திகை வந்தால் அந்த ரோட்டில் கால்வைக்க இடம் இருக்காது. காவடி எடுத்தவர்களும், மொட்டையடித்துச் சந்தனம் பூசிக்கொண்டவர்களும் குடும்பத்தோடு வந்து, மலையும் கோபுரமும் வரைந்த திரைக்கு முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். நிஜ மலை வாசலுக்கு எதிரே இருந்தது. திரையில் இருந்த மலையைத்தான் எல்லோரும் கேட்டார்கள். நைனா அந்த நாட்களில் காமிராவை விட்டு நகரமாட்டார். இருட்டறை வேலையும், பழைய படங்களைச் சரிசெய்யும் வேலையும் என்னுடையவை.

அப்படி ஒரு கிருத்திகைக் கூட்டத்தில்தான் அந்த அம்மாள் வந்தார். திருவாலங்காட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர், கரும்பு வெட்டும் கூலி வேலை. கூடவே மகள் வந்திருந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். அவள் இடுப்பில் அன்று காலைதான் மொட்டையடித்த குழந்தை அழுதுகொண்டிருந்தது. அம்மாள் முந்தானையில் சுற்றி வைத்திருந்த சின்னச் சட்டத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

உள்ளே தபால் கார்டு அளவில் ஒரு படம். மூங்கில் வேலி, அதன்மேல் ஒரு கோணிப்பை. வேலிக்கு முன்னால் வரிசையாகக் கைதிகள். இடுப்பில் கோவணம் மட்டும். ஒவ்வொருவருக்கும் விலா எலும்பை எண்ணலாம். ஓரத்தில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு தொப்பி போட்ட ஜப்பானியக் காவலாள்.

"இவருதாங்க," என்று இடமிருந்து மூன்றாவது ஆளைக் காட்டினார். "பட்டாளத்துல போனவரு. சிங்கப்பூர் பக்கம் ஜப்பான்காரன் புடிச்சி வெச்சிருந்தானாம். அங்கியே செத்துட்டாரு. அவரு கெளம்பறப்போ இவ என் வயித்துல."

படம் அவர் கைக்கு வந்த கதையையும் சொன்னார். அதே முகாமில் அடைபட்டிருந்த அரக்கோணத்துக் கிறிஸ்தவர் ஒருவர் உயிரோடு திரும்பியிருக்கிறார். போர் முடிந்ததும் காவல்காரர்களின் அறையில் கிடந்த படங்களில் இதைப் பார்த்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்து, ஊர் விசாரித்து இவரைத் தேடிக் கொடுத்துவிட்டு, மூன்றாவது முகத்தில் விரல் வைத்து இவன்தான் என்றாராம். அவரும் பிறகு செத்துவிட்டார். கல்யாணத்துக்கு ஒரு படம்கூட எடுத்தவர்கள் இல்லை. அந்தக் கடலைப்பருப்பு அளவு முகம்தான் அந்தக் குடும்பத்துக்கு இருந்தது.

"இந்தக் கோலத்துல எப்பிடிங்க நடு ஊட்ல மாட்டுறது? எலும்பும் தோலுமா, கோவணத்தோட. சம்மந்திக்காரங்க வந்தா சிரிக்கமாட்டாங்க? பெருசு பண்ணி, பட்டாளத்து டிரஸ்ஸு போட்டுக் குடுங்க சாமி. தொப்பி வேணாம், மொகம் மறைஞ்சிடும்."

"மீசை?" என்று கேட்டேன்.

"அதுல இன்னா கீதோ அதையே வைங்க. புதுசா வெக்காதீங்க."

மகள் சிரித்தாள். "அப்பாகூட நீ இருந்ததே ஆறு மாசம். மீசை இருந்துதா இல்லியான்னு ஒனக்கே தெரியாது. சமாளிக்கிற."

"போடி. ஆறு மாசம்னா கொறைச்சலா?" என்றார் அம்மாள்.

அன்று மதியமே வேலையைத் தொடங்கினேன். நைனா இதில் ஒரு விதி வைத்திருந்தார். பழைய படம் எந்த நிலையில் வந்தாலும், அதில் கைவைப்பதற்கு முன்னால், கண்ணாடியோடு சேர்த்து ஒரு நகல் எடுத்துவிட வேண்டும். அதன் பிறகுதான் பிரிப்பது, ஊறவைப்பது எல்லாம். அன்று முழுக்கக் காமிரா கூட்டத்துக்கு முன்னால் இருந்தது. காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. சட்டத்தைக் கழற்றினேன். படம் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. தண்ணீர்த் தட்டில் ஊறவைத்து மெல்ல உரித்தேன். வேலி வந்தது, காவலாள் வந்தான், வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் வந்தார்கள். மூன்றாவது ஆளின் முகம் மட்டும் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. விரல் பட்டதும் அதுவும் பழுப்பாகக் கரைந்தது.

காரணம் பின்னால்தான் புரிந்தது. படத்துக்குச் சட்டம் போடுவதற்கு முன் பல வருஷம் அந்த அம்மாள் அதைப் பெட்டியில் வைத்திருந்து, நாள் கிழமை வந்தால் எடுத்து அவர் முகத்துக்குச் சந்தனம் வைத்திருக்கிறார். முகம் அவ்வளவு சின்னதாக இருந்ததால் தீக்குச்சி முனையால் வைப்பாராம். இதைப் பிற்பாடு மகள் சொன்னாள். அந்தச் சந்தன ஈரம்தான் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. அந்த வரிசையில் யாரும் தொடாத முகங்கள் எல்லாம் பிழைத்துக்கொண்டன. ஒருத்தி ஆசையாகத் தொட்ட முகம் போய்விட்டது.

நைனாவிடம் சொல்லியிருக்கலாம். கத்தியிருப்பார், பிறகு அவரே அந்த அம்மாளிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டிருப்பார். அவர் அப்படிப்பட்டவர்தான். எனக்குப் பயம். பயத்தைவிட அதிகமாக, கெட்டிக்காரன் என்ற பெயர் போய்விடுமே என்ற எண்ணம். கூட்டம் தீர்ந்தபின் மிச்சமிருந்த படத்தை நகலெடுத்தேன். மூன்றாவது ஆளுக்கு இந்தப் பக்கம் நின்ற இரண்டாவது ஆள் ஏறக்குறைய அதே உயரம், அதே ஒட்டிய கன்னம். அந்த முகத்தைப் பெரிதாக்கினேன். உடம்புக்குக் கல்லூரியில் போடும் என்.சி.சி. காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு நானே காமிரா முன் நின்றேன். என் தோள்மேல் அந்த முகத்தை ஒட்டி, கழுத்துச் சேரும் இடத்தில் பிரஷ்ஷால் சாயம் தீட்டினேன். ஒரு பட்டாளத்துக்காரர் தயாரானார். நைனா தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, "கழுத்து நல்லா சேந்திருக்குடா," என்றார்.

தாயும் மகளும் வாங்க வந்த அன்று அம்மாள் படத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். முகத்தில் முதலில் வந்த சந்தோஷம் மெல்லப் போயிற்று.

"இது அவரு இல்லீங்களே."

"பெருசு பண்ணா அப்படித்தாம்மா தெரியும்," என்றேன்.

"இல்லீங்க. காது. எடது காது மேல மடிஞ்சிருக்கும் அவருக்கு. கல்யாணத்தன்னிக்கு அத்தப் பாத்துட்டுத்தான் நான் சிரிச்சி, எங்கம்மா தொடையில கிள்ளுச்சு." சட்டென்று மகளின் கூந்தலை ஒதுக்கிக் காட்டினார். "இந்தாங்க, இதே காது."

பார்த்தேன். மகளின் இடது காது மேல்நுனியில், இலையை மடித்ததுபோல முன்னால் மடிந்திருந்தது. என் படத்தில் இருந்தவருக்குக் காது நேராக இருந்தது. சரித்திரம் படிக்கிறவன் நான். கண்ணெதிரே ஆதாரம். ஆனாலும் வாய் பேசிக்கொண்டே போனது. வெளிச்சம் விழும் கோணத்தைப் பற்றிப் பேசினேன். பட்டினியில் சதை வற்றினால் முகமே மாறிவிடும் என்றேன். முப்பது வருஷம் ஆகப்போகிறது, மனிதருக்கு ஞாபகம் அப்படியே இருக்காது, நாமே பாதியை இட்டுக்கட்டிக்கொள்வோம், புத்தகத்தில் இருக்கிறது என்றேன். பழைய படம் தண்ணீரில் கரைந்துவிட்டது என்றும் சொன்னேன். அது என் பையில் இருந்தது.

மகள் குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "சார் படிச்சவரு, சொல்றாரில்ல. இத்தினி வருசம் கழிச்சி நீ காதக் கண்டியா? வாம்மா, பஸ் பூடும்."

அம்மாள் இன்னொரு முறை படத்தைப் பார்த்தார். "எனக்குத்தான் மறந்துபோச்சோ இன்னாவோ," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

நான் பரீட்சையில் தேறி, கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து, ஓய்வும் பெற்றேன். ஆதாரம் இல்லாமல் ஒரு வரி எழுதாதீர்கள் என்று எத்தனையோ பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். நைனா போனார், ஸ்டுடியோவை மூடினோம். என் மனைவியும் போய்விட்டாள். மகன் சென்னையில். நான் பழைய ஸ்டுடியோவுக்கு மேல் மாடியில் தனியாக இருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒருவர் படியேறி வந்தார். அரக்கோணத்தில் ரயில்வேயில் வேலை பார்ப்பவர், தலை நரைத்துவிட்டது. கையில் துணி சுற்றிய பெரிய சட்டம். "இது உங்க கடையில செஞ்சதாமே சார். எங்க தாத்தா. ஓரமெல்லாம் பூச்சி அரிச்சிருக்கு. சரிபண்ண முடியுமான்னு அம்மா கேட்டுகினு வரச் சொன்னாங்க." துணியைப் பிரித்தார். என் தோள். என் காக்கிச் சட்டை. அதன்மேல் யாரென்று தெரியாத அந்த முகம், நெற்றியில் கண்ணாடிமேல் அடுக்கடுக்காகக் குங்குமம். அன்று மொட்டைத் தலையோடு அழுத குழந்தைதான் இவர்.

"உங்க ஆயா?" என்று கேட்டேன்.

"அவங்க போயி ரொம்ப நாள் ஆச்சு சார்."

படத்தை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். அதைச் சரிசெய்யவில்லை. ஒரு வாரம் எதிரே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு ஆட்டோ பிடித்து அவர்கள் ஊருக்கே எடுத்துக்கொண்டு போனேன்.

மகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எண்பது தாண்டியவர். "ஸ்டுடியோ சாரா? வாங்க வாங்க. எங்கப்பாவ இளமையாவே வெச்சிட்டு நீங்க மட்டும் கெழவனாயிட்டீங்களே," என்று சிரித்தார். சுவரில் படம் மாட்டியிருந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்திருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் குறைக்கவில்லை. மருமகள் உள்ளே மிக்ஸியை நிறுத்தியது எனக்குக் கேட்டது.

அவர் சுவரில் வெளுத்திருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு, "எங்கம்மா சாவுறப்போ இன்னா சொல்லுச்சு தெரியுமா?" என்றார். "அவரு மொகம் எனக்கு மறந்துபோச்சுடி. கண்ண மூடினா வேற யாரோ வர்றாரு. செவுத்துல கீறவரு வரவே மாட்டேங்கறாரு. மேல போனா அவர எப்பிடிக் கண்டுபுடிப்பேன்னு அழுதுச்சு. கண்ண மூடினா வந்தவருதான் எங்கப்பா. அவரப் போயி வேத்தாளுன்னு தொரத்திகினே செத்துச்சு."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"போட்டோ கெட்டுப்போச்சுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு நாளு அழுதிருக்கும். அவ்ளோதானே? எங்கம்மாவ எதுக்குப் பொய்யாக்கினே?" 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. அதுதான் சரி. "நானும் ஒன் பக்கம் பேசினேனே. படிச்சவரு சொல்றாருன்னு எங்கம்மாவ இழுத்துகினு போனேனே."

படத்தைக் கட்டிலில் வைக்கப் போனேன். தலையை ஆட்டினார். "எடுத்துகினு போ. இத்த நான் இனிமே இன்னா பண்றது?"

எடுத்துக்கொண்டு வந்தேன். என் கூடத்தில் ஆணியடித்து மாட்டினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

பிறகு தேட ஆரம்பித்தேன். அந்தக் காலத்துப் போர்க் கைதிகளின் படங்களை வெளிநாட்டு அருங்காட்சியகங்கள் கணினியில் போட்டு வைத்திருக்கின்றன. தினமும் காலையில் காப்பியைக் குடித்துவிட்டு உட்காருவேன். சிப்பாய்கள் கப்பலேறும் படங்கள், முழு உடுப்பில் மார்பை நிமிர்த்தி நிற்கும் படங்கள், அதே ஆட்கள்தானோ என்று நினைக்கவைக்கும் எலும்புக்கூடுகள் மண் சுமக்கும் படங்கள். படம் பிடித்தவர்களின் பெயர், படையின் பெயர், காவலாளின் பதவி எல்லாம் கீழே எழுதியிருக்கும். கைதிகளைப் பற்றி, இந்தியர்கள் என்று மட்டும் இருக்கும். என்னிடம் இருந்த முகமில்லாத பழைய படத்தைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். கண் கெட்டு ஆபரேஷன் செய்துகொண்டு மறுபடியும் உட்கார்ந்தேன்.

ஒரு மழைக்கால நாளில் அந்த வேலி வந்தது. கோணிப்பை, இடுப்பில் கைவைத்த காவலாள், அதே வரிசை. எங்களுடையதற்குச் சற்று முன்போ பின்போ எடுத்த இன்னொரு படம். எல்லோரும் நேரே பார்க்கிறார்கள். மூன்றாவது ஆள் மட்டும் முகத்தைத் திருப்பி, பக்கத்தில் இருக்கும் இரண்டாவது ஆளிடம் ஏதோ சொல்கிறார். வாயோரத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று. அவர் திரும்பியிருப்பதால் இடது காது முழுதாகத் தெரிகிறது. மேல்நுனி மடிந்திருந்தது.

மேஜையில் தலைவைத்து அழுதேன். அந்த அம்மாள் சொன்னது சரி. அரை நூற்றாண்டாக அவர் சொன்னதுதான் சரி.

அருங்காட்சியகத்துக்கு எழுதிக் கேட்டு, பெரிய அளவில் வாங்கி, நல்ல தாளில் அச்சிட்டு எடுத்துப்போனேன். மகள் அதை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். அவர் கை தானாகத் தன் காதுக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது.

"யாராண்ட பேசிகினு கீறாரு?"

"நான் உங்களுக்குக் கொடுத்தேனே. அவர்கிட்ட."

"சிநேகிதக்காரங்களா இருப்பாங்களா?"

"இருக்கலாம்."

"அந்தாளு ஊட்ல எந்த மொகத்துக்குப் படைக்கிறாங்களோ," என்றார். அப்புறம் என்னைப் பார்க்காமல், "நீ போ," என்றார்.

இரண்டு நாள் கழித்து அவர் மகன் போன் செய்தார். அம்மா பிடிவாதமாகச் சுடுகாட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னாராம். ஆயாவைப் புதைத்த இடத்தில், தலைமாட்டில், கையாலேயே மண்ணைத் தோண்டி அந்தப் படத்தை வைத்து மூடிவிட்டாராம். "நான் பிளாஸ்டிக் கவர்ல போட்டுத்தான் சார் குடுத்தேன். கவர் இருந்தா எங்கம்மாவுக்கு எப்பிடித் தெரியும்னு உருவிப் போட்டுட்டாங்க."

இன்னொரு பிரதி அச்சிட்டு, சட்டமும் போட்டு எடுத்துக்கொண்டு மறுபடியும் போனேன். வெளுத்த சதுரம் அப்படியே இருந்தது. அந்த இடத்தில் மாட்டலாம் என்று சொன்னேன்.

"வேணாம். அது எங்கம்மாவோட புருஷன். எங்கம்மாவாண்ட குடுத்துட்டேன்," என்றார். "நான் பொறக்கறதுக்கு முன்னாலயே போனவரு. எனக்கு அப்பான்னா நீ செஞ்சியே, அவருதான். புள்ளைங்க கல்யாணம், காதுகுத்து, எல்லாத்துக்கும் அவர் காலடியிலதான் விழுந்து எழுந்தேன். இப்போ அவரும் எனக்கு யாரோ."

"அவரைத் திரும்பக் கொண்டுவந்து மாட்டட்டுமா?"

"கொண்டாந்தா? தெரிஞ்சது தெரியாமப் பூடுமா?"

சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றேன். ஒருத்திக்கு முகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போய், இன்னொருத்தியிடமிருந்து தகப்பனைப் பிடுங்கிக்கொண்டேன். பேசாமல் இருந்திருக்க வேண்டுமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அப்படி யோசிக்கும்போதெல்லாம் சாகக் கிடந்த அந்த அம்மாளின் பேச்சு குறுக்கே வந்து நிற்கிறது. 

போன போகிப் பண்டிகை அன்று காலையில் போன் வந்தது. ரயில்வேக்காரரின் நம்பர், ஆனால் பேசியது அவர் அம்மா. அந்த நாளுக்குப் பிறகு அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"அவரு ஒன் ஊட்லதானே கீறாரு?"

"ஆங், இங்கதான்."

"இன்னிக்கு செத்தவங்களுக்குப் படைக்கிற நாளு. அவருக்கு எதுனா வெச்சியா?"

"சாம்பாரும் வடையும் செய்யலாம்னு…"

"அய்ய! பட்டாளத்துக்காருக்கு சாம்பாரா? இத்தினி வருசம் கருவாட்டுக் கொழம்பும் ஒரு கட்டு பீடியும் வெச்சிகினு வந்தோம். திடீர்னு பருப்புத் தண்ணிய ஊத்தினா இன்னா நெனப்பாரு?"

என் வீட்டுச் சமையலறையில் கருவாடு நுழைந்ததே இல்லை. மார்க்கெட்டுக்குப் போய் வாங்கினேன். கருவாடு விற்ற அம்மாள் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்துவிட்டு, "டாக்டர் எழுதிக் குடுத்தாரா சாமி?" என்று கேட்டு, எப்படிச் செய்வதென்று சொல்லி அனுப்பினாள். புளி அதிகமாகிவிட்டது. இலை போட்டுச் சோறும் குழம்பும் வைத்து, பீடிக் கட்டை ஓரமாக வைத்து, விளக்கேற்றினேன். எதிரே என் இளவயதுத் தோளின்மேல் அந்த மனிதர் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. கைகூப்பி நின்றுகொண்டிருந்தபோது மறுபடியும் போன் அடித்தது.

"வெச்சிட்டியா?"

"வெச்சிட்டேன்கா."

"கதவ சாத்தினியா?"

"இல்லையே."

"சாத்திட்டு வெளிய வந்து நில்லு. நீ பாத்துகினு இருந்தா அவரு எப்பிடித் துன்னுவாரு?"

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டார். நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே படியில் போய் நின்றேன்.